கொடைக்கானலில் உடம்பைப் பார்த்துக்கொள்ள எங்கே போவது: ஏரியா, ஜிம்மா, யோகாவா?

"மலையிலேயே இருக்கிற உங்களுக்கு வாக்கிங் வேறயா?" என்று கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்காத சீசன் கிடையாது. மலைக்காரர்கள் ஏறி இறங்கியே உடம்பைக் கட்டாக வைத்திருப்பார்கள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நம் அப்பா காலத்துக்கு அது சரி. இப்போது மூஞ்சிக்கல்லில் அரைக் கிலோ தக்காளி வாங்கவும் ஸ்கூட்டியை எடுக்கிறோம். குளிருக்கு நாலு டீ, டீக்கு ஒரு பஜ்ஜி, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கம்பளிக்குள் அடக்கம். சுகரும் பிரஷரும் மலையேறி வருவதற்கு இ-பாஸ் எதுவும் தேவைப்படுவதில்லை.

சரி, உடம்பை அசைக்கலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது: எங்கே போவது? ஏரியைச் சுற்றலாம், கோக்கர்ஸ் வாக் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, ஷட்டில் ஆடலாம், யோகா வகுப்புக்குப் போகலாம். கீழே மதுரையிலோ திண்டுக்கல்லிலோ என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடலாம். இங்கே முடியாது. 2,100 மீட்டர் உயரம், இரண்டு பருவமழை, டிசம்பர் ஜனவரியில் உறைபனி, தெருவில் காட்டுமாடு. பிப்ரவரியில் அருமையாக இருக்கும் இடம் நவம்பரில் கதவைச் சாத்திவிடும். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே ஆண்டு முழுக்கப் பிடித்துக்கொள்வது இந்த ஊருக்குச் சரிவராது என்பது என் கட்சி. எதையும் எந்த மாதத்துக்கு, எந்த உடம்புக்கு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் எவ்வளவு தேவை என்று தெரிந்துகொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். மிதமானது என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியும், ஆனால் பாட முடியாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இது தவிர, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு விழாமல் நிலைப்படுத்திக்கொள்ளும் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கும் வசதி நம் ஊரில் இல்லை. நடையை ஓரிடத்திலும் வலுவை வேறிடத்திலும் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏரி: இலவசம், சமதரை, ஆனால் நேரம் பார்க்க வேண்டும்

இந்த ஊரில் தண்ணீருக்குக்கூட அவ்வளவு தட்டுப்பாடு இல்லை, சமதரைக்குத்தான் தட்டுப்பாடு. ஆனந்தகிரியிலிருந்து கடைவீதிக்கு இறங்குவதும், நாயுடுபுரத்திலிருந்து ஏழு ரோட்டுக்கு ஏறுவதும் உடற்பயிற்சி என்று எண்ணினால் முட்டி சும்மா இருக்காது. ஏற்றத்தில் வேலை நெஞ்சுக்கும் மூச்சுக்கும். இறக்கத்தில் வேலை முழுக்கத் தொடையின் முன்தசைக்கும் முட்டிக்கும். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்க வேண்டியிருக்கிறது. முட்டி தேய்ந்தவர்கள் ஏறும்போது ஒன்றும் சொல்லாமல் இறங்கும்போது முனகுவது இதனால்தான். அவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: நடந்து ஏறுங்கள், இறங்குவதற்கு வண்டி பிடியுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

அந்த வகையில் 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து ஏரி கட்டியது, படகு விடுவதைவிட முட்டிவலிக்காரர்களுக்குச் செய்த உபகாரம் என்றே நான் நினைப்பேன். சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத சாலை, காசு கிடையாது. நிதானமாக நடந்தால் ஒரு ரவுண்டுக்கு ஒரு மணி நேரம். வாரத்தில் மூன்று ரவுண்டு போட்டால் 180 நிமிடம். நடைக் கணக்கு தீர்ந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரி வட்டமாக இல்லை, நட்சத்திரம் போலக் கை கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. எதிர்க்கரை பக்கத்தில் தெரியும், ஆனால் அங்கே போக ஒரு வளைவைச் சுற்ற வேண்டும். பாதி தூரம் போய்க் கால் ஓய்ந்துவிட்டால் முன்னாலும் அதே தூரம், பின்னாலும் அதே தூரம். அதனால் முதல் சில வாரங்களுக்கு "சுற்றுவது" என்ற எண்ணமே வேண்டாம். படகுத்துறையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 நிமிடம் நடங்கள், அப்படியே திரும்பி வாருங்கள். கீழேயிருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த விகிதத்தில்தான். மதுரையில் சாதாரணமாக ஓடியவருக்கும் இங்கே முதல் வாரம் நெஞ்சு படபடக்கும். பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

இலவசம் என்றாலும் ஏரி எல்லா நேரமும் நம்முடையது இல்லை. காலை ஆறரை மணிக்குப் போனால், சேணம் பூட்டாத குதிரைகளை ஓரமாக நடத்திக்கொண்டு போவார்கள். வாடகை சைக்கிள்காரர் சங்கிலியை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே நிறுத்திக்கொண்டிருப்பார். டீக்கடையில் முதல் பால் பொங்கும். அந்த வேளையில் தெரிந்த முகங்கள்தான் எதிரே வரும். ஒன்பதரைக்கு மேல் அதே சாலையில் நாலு பேர் கைகோத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள், இரட்டைச் சீட்டு சைக்கிள் தள்ளாடும், குதிரை குறுக்கே வரும், வேன் ஹாரன் அடிக்கும். அப்போது நடப்பது வேகநடையும் இல்லை, உலாவும் இல்லை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, இருந்தாலும் ஏப்ரல் மே மாதங்களில் காலை ஏழரைக்குள் ரவுண்டை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அதற்காக டிசம்பர் ஜனவரியில் ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். காலை வேளையில் இயல்பாகவே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில் வேகநடை போடுவது விஷப்பரீட்சை. வெயில் தரையைத் தொட்ட பிறகு போகலாம், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்குப் போகலாம். இன்னொன்று, குளிரில் தாகம் எடுக்காது என்பதால் தண்ணீர் குடிக்க மறந்துபோகும். கிளம்பும் முன் ஒரு டம்ளர் குடித்துவிடுங்கள்.

அப்புறம் காட்டுமாடு. ஏரிக்குப் போகும் வழியில், குறிப்பாகச் சோலை ஒட்டிய சாலைகளில், பனிமூட்டத்துக்குள் முதலில் தெரிவது அதன் கால்கள்தான். முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது மாதிரி நாலு கால் தெரியும், மேலே உடம்பு இருக்கும் இடத்தில் வெறும் கருமை. அதைப் பார்த்தவுடன் நின்று, பேசாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். சுற்றுலாப் பயணிகள் மாதிரி போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போக வேண்டாம். கூட்டமாக இருப்பதைவிடத் தனியாக நிற்கும் ஆண் மாட்டிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. தனியாக வாக்கிங் போகிறவர்களுக்கு, பெண்களுக்கு மட்டுமில்லை ஆண்களுக்கும்தான், இந்த ஒரு காரணமே துணை தேட வைக்கும். அப்படிச் சேரும் துணைதான் பெரும்பாலும் பழக்கத்தை விட்டுவிடாமல் காப்பாற்றுகிறது. ஆறரைக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டில் வந்து நின்றால், போர்வைக்குள் எப்படிப் படுத்திருப்பது?

ரவுண்டு முடிந்ததும் டீக்கடையில் உட்காரும் சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் நடந்தால் தோராயமாக 200 முதல் 250 கலோரி செலவாகும். சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பஜ்ஜியும் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். சபையைக் கலைக்கச் சொல்லவில்லை, பஜ்ஜியை மட்டும் விட்டுவிடலாம்.

கோக்கர்ஸ் வாக்கும் பிரையண்ட் பூங்காவும்

1872இல் போட்ட கோக்கர்ஸ் வாக் சுமார் ஒரு கிலோமீட்டர். வண்டி வராது என்பதே இதன் பெரிய சொத்து. பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்கள், காது மந்தமானவர்கள், ஹாரன் சத்தத்துக்கே பதறுகிற வயசானவர்கள் இவர்களுக்கெல்லாம் ஏரியைவிட இது நல்லது. ஒரு பக்கம் கைப்பிடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சாக்கு: வானம் தெளிந்தால் கீழே பெரியகுளம் பக்கம் வரை தெரியும். மேகம் கீழே நின்று வெயில் முதுகில் அடித்தால், வளையம் போட்ட நம் நிழல் மேகத்தின் மேல் விழுவதும் எப்போதாவது உண்டு. ஆனால் நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். தினம் தினம் சீட்டு எடுத்து நடப்பது மாதக் கணக்கில் பார்த்தால் கையைக் கடிக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா என்று நகராட்சியில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தென்சரிவின் விளிம்பில் இருப்பதால் காற்றடிக்கும் மாதங்களில் மப்ளர் இல்லாமல் நிற்கவே முடியாது.

பிரையண்ட் பூங்கா அழகு, ஆனால் காலை நடைக்கு உதவாது. திறப்பதற்குள் நம் வேலைநேரம் வந்துவிடுகிறது. பேரக் குழந்தைகளோடு மத்தியானம் போய் உலாவலாம், அவ்வளவுதான். டால்பின்ஸ் நோஸ், பைன் காடு, பேரிஜம் எல்லாம் மாதத்துக்கொரு முறை போகிற இடங்கள். தினசரிப் பட்டியலில் அவற்றைச் சேர்க்காதீர்கள். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும்.

கூரைக்குக் கீழே

கொடைக்கானலுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் தூறலும் விட்டுவிட்டு வரும். நடுவில் கிடைக்கும் வெளுப்பில் குடையை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வரலாம். அக்டோபர் நவம்பரில் அந்தச் சலுகையும் போய்விடும். நாள் கணக்கில் கொட்டும், மரம் விழும், ரோடு வழுக்கும். நல்லபடியாக நடந்துகொண்டிருந்த பலர் பழக்கத்தை விடுவது இந்த மாதங்களில்தான். தீபாவளிப் பலகாரமும் அப்போதே வந்து சேரும். ஜனவரியில் மறுபடி தொடங்கலாம் என்பார்கள், ஜனவரியில் குளிரும். ஆகவே கூரையுள்ள இடத்துக்குக் காசு கொடுப்பதென்றால் இந்த மாதங்களுக்குக் கொடுங்கள்.

ஜிம்மில் இருக்கும் நன்மை, ஏரியால் தர முடியாதது: தசை வலு. நாற்பதைத் தாண்டினால் தசை குறையத் தொடங்குகிறது. நடை மட்டும் அதை நிறுத்தாது. சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம், சாப்பிட்ட சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் பெரிய பாத்திரமே தசைதான். ஆனால் சேரும் முன் சில விஷயங்களைப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம், மாதமாகவே கட்டுங்கள். சீசன் வந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் காட்டேஜ் வேலை பார்க்கப் போய்விடுவார்கள், பயிற்சியாளர் உட்பட. மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜன்னலையெல்லாம் சாத்திவைத்து உள்ளே பூஞ்சை வாடை அடித்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, அந்த நேரம் சமையல் வேலையோடு மோதுகிறதா என்று கேளுங்கள். குளிரான ஊர் என்பதால் உடம்பைச் சூடேற்றப் பத்து நிமிடமாவது ஆகும், அதைச் சொல்லித்தராத இடத்தில் எடை தூக்க வேண்டாம்.

ஷட்டில் பையன்களுக்கும் முப்பது வயது வரை உள்ளவர்களுக்கும் நான் முதலாவதாகச் சொல்வது. விளையாட்டு என்பதால் யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, மழையும் தடுக்காது. ஐம்பதில் புதிதாக மட்டையைத் தூக்குகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். நெட்டுக்கு அருகே பாய்வது, சட்டென்று நிற்பது, பின்னால் துள்ளுவது எல்லாம் குதிகால் தசைநாருக்கும் முட்டிக்கும் பெரிய சோதனை. மூன்று மாதம் நடந்து காலைப் பழக்கிவிட்டு வாருங்கள்.

யோகாவுக்கு இடமும் அதிகம் வேண்டாம், காசும் அதிகம் ஆகாது. ஒரு ஹால், ஒரு ஜமுக்காளம் போதும். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் போன்றவை வயசானவர்கள் விழாமல் இருக்க நேரடியாக உதவும். அந்த வகையில் ஜிம்மைவிட மேல். ஆனால் மெதுவான ஆசனங்கள் மட்டுமே செய்தால் இதயத்துக்கு வேண்டிய அளவு மூச்சு வாங்காது. நடைக்குப் பதிலாக யோகா என்பது சரிப்படாது, நடையோடு யோகா என்றால் நல்ல ஜோடி. அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவும், சில இடங்களில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் உண்டு. தனியார் வகுப்பைத் தேடும் முன் அங்கே விசாரிக்கலாம்.

ஏரியில் துடுப்புப் படகு வலிப்பதும் முதுகுக்கும் தோளுக்கும் முதல் தரமான பயிற்சிதான். ஊர்க்காரர்கள் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை, கட்டணமும் சுற்றுலாக்காரர்களுக்கு வைத்த கட்டணம். போட் கிளப்பில் மெம்பர் ஆக வழியுள்ளவர்கள் யோசிக்கலாம்.

நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் காலையில் ஒரு மணி நேரம் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு. எங்கள் தெருவில் ஒரு அக்கா ஓட்டலில் ரூம் கிளீனிங் வேலைக்குப் போகிறார். "நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் நடந்துக்கிட்டேதான் இருக்கேன் தம்பி, இன்னும் எங்க போயி நடக்கச் சொல்ற?" என்றார். நியாயமான கேள்வி. படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள், காய்கறி மூட்டை தூக்குகிறவர்கள், பூம்பாறைப் பக்கம் படிவயலில் பூண்டு பிடுங்குகிறவர்கள் இவர்களிடம் ஏரியைச் சுற்றச் சொல்வது கேலி செய்வது மாதிரி. அவர்களுக்கு வேண்டியது கூடுதல் நடை இல்லை. ஒரே மாதிரிக் குனிந்து நிமிரும் முதுகுக்கு எதிர்த்திசைப் பயிற்சி, இடுப்பைச் சுற்றிக் கொஞ்சம் வலு, இரவில் நல்ல தூக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் சோதனை. வீட்டிலேயே செய்யலாம்: நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, குப்புறப் படுத்து மெல்ல நெஞ்சைத் தூக்குவது. பத்து நிமிடம் போதும்.

டாக்ஸி ஓட்டும் தம்பிகள் இதற்கு நேர்மாறு. மலை மலையாகச் சுற்றுகிறார்கள், சீட்டை விட்டு எழுவதில்லை. பயணிகள் கோக்கர்ஸ் வாக்கில் இறங்கினால் இவர்கள் போனில் தலையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தை நடந்தே கழித்தால் அவர்களுக்கு வேறு எந்த வசதியும் தேவையில்லை.

நடக்கவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மறக்க வேண்டாம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது எல்லாருக்கும் தெரியும். அதே திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்துச் செய்யும் பிசியோதெரபிக்கு முன்னால் இதை ஒருமுறை முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்படியானால் எதில் சேர்வது?

இதைப் படிப்பது பிப்ரவரி மார்ச்சில் என்றால் எதிலும் சேர வேண்டாம், நாளைக் காலை ஏரிக்குப் போங்கள். வெயிலும் அளவாக இருக்கும், கூட்டமும் வந்திருக்காது. வீட்டில் வாரம் இரண்டு நாள் அந்த நாற்காலிப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு நிறைந்துவிடும். சீசனில் என்றால் அதே ஏரி, ஒரு மணி நேரம் முன்னால். செப்டம்பர் கடைசியில் என்றால் உடனே ஒரு கூரையைப் பிடியுங்கள்: இளவட்டங்களுக்கு ஷட்டில், நடுவயதுக்காரர்களுக்கு ஜிம், அறுபதைத் தாண்டியவர்களுக்கு யோகா வகுப்பு. மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் கையை விட்டுப் போகக் கூடாது. வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே செங்குத்தான ஏற்றம் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். மழையிலும் இருட்டிலும் அந்த ஏற்றத்தைக் காரணம் காட்டியே போகாமல் இருந்துவிடுவோம். கொஞ்சம் சுமாரான ஜிம்மாக இருந்தாலும் ஐந்து நிமிட நடையில் இருப்பதே உத்தமம்.

காசு மிச்சம் இருந்தால் ஷூவுக்குக் கொடுங்கள். மழை மாதங்களில் நம் ஊர்க் கல்படியிலும் தார் ஓரத்திலும் பாசி பிடித்து எண்ணெய் தடவியதுபோல இருக்கும். அடிப்பாகம் தேய்ந்த பழைய கேன்வாஸில் போய் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக ஒருவராவது இருப்பார்கள். நல்ல பிடிப்புள்ள அடிப்பாகமா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள், தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள்.